பீரோவில் எட்டு மாதம் கிடந்த தாள்

ஆதார் அட்டையைத் தேடப்போய்த்தான் அந்தத் தாளைக் கண்டேன். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் என் சித்தி, முகாமில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அபாயத்தைக் கண்டறிய எடுத்துக்கொண்ட பாப் ஸ்மியர் பரிசோதனையின் முடிவை பீரோவில் புடவைகளுக்கு அடியில் எட்டு மாதமாக வைத்திருந்தார். முடிவில் ‘எச்.எஸ்.ஐ.எல்.’ என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே யாரோ பேனாவால் ‘மறுபடி வரவும்’ என்று எழுதியிருந்தார்கள். எதற்கு வர வேண்டும், எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்பது இல்லை. “வலியும் இல்லை, வெள்ளைப்படுதலும் இல்லை, எதற்குடி போக வேண்டும்?” என்றார் சித்தி.

அந்த நான்கு எழுத்துகளுக்குப் புற்றுநோய் என்று பொருளில்லை. கர்ப்பப்பை வாயின் செல்களில் தீவிரமான மாற்றம் தெரிகிறது, உடனே கால்போஸ்கோபி செய்து, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். பெரும்பாலும் எச்.பி.வி. கிருமி நெடுநாள் தங்கிவிடுவதால் வரும் இந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை உடம்பு எந்த அறிகுறியும் காட்டாமலேயே இருக்கலாம். லேசான மாற்றங்கள் பல தாமாகவே மறைந்துவிடுவதால், அவற்றுக்கு ஓராண்டு கழித்து மறுபரிசோதனை செய்தால் போதும் என்று சொல்வதும் உண்டு. சித்தியின் முடிவு அந்த வகையன்று.

மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து நான்தான் அழைத்துப் போனேன். மருத்துவர் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய நம் வீட்டு வினிகரை, பஞ்சால் ஒற்றினார். ஒரு நிமிடத்தில் மாறுபட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் திரண்டது. உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, அங்கிருந்து அரிசி மணியளவு சதையைப் பயாப்சிக்கு, அதாவது ஆய்வகத்தில் சோதிப்பதற்கு, எடுத்தார். சித்தி என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார். சுருக்கென்று ஒரு கிள்ளல், பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் என்பதை எட்டு மாதத்துக்கு முன்பு ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் சித்தி அன்றே வந்திருப்பார் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்ததாலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் சாவுகள் 35 விழுக்காடும் குறைந்ததை 2007-இல் உலகுக்குக் காட்டியது. அங்கே கண்டறிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதே இடத்திலேயே கால்போஸ்கோபியும் சிகிச்சையும் கிடைத்தன. அப்படியிருந்தும் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த 1,874 பெண்களில் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றார்கள். தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்?

சித்தியின் பயாப்சி முடிவு சி.ஐ.என். 3, அதாவது புற்றுக்கு முந்தைய மாற்றங்களில் தீவிரமான நிலை என்று வந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரக் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை அகற்றினார்கள். மாலையே வீடு திரும்பினோம். ஆறு மாதம் கழித்து எச்.பி.வி. பரிசோதனை, அதன் பிறகும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கண்காணிப்பு என்று மருத்துவர் சொன்னார். அடுத்த தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து, துணைக்கு யார் போவது என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.