எட்டு வயதில் தாடைக்கு மாஸ்க்

மகளுக்கு நிரந்தர முன்பற்கள் முளைத்தபோது கீழ்வரிசை மேல்வரிசைக்கு வெளியே வந்து கடித்தது. "பல்லு முழுசா விழுந்து முளைக்கட்டும், தானா சரியாயிடும்" என்றார் என் மாமியார். பல் மட்டும் கோணல் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். தாடை எலும்பிலேயே குறை இருந்தால் வளர வளரக் கூடத்தான் செய்யும்.

பல்வரிசை, தாடை சீராக்கும் ஆர்த்தோடான்டிஸ்ட் டாக்டர் தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நாங்கள் கீழ்த்தாடை நீளம் என்றே நினைத்திருந்தோம். உண்மையில் மேல்தாடைதான் பின்தங்கியிருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். மாமனாருக்கு உண்டு. அதை எழுதி வைத்துக்கொண்டார். மேல்தாடையின் எலும்பு இணைப்புகள் இறுகுவதற்குள், பத்து வயதுக்கு முன்பே இழுத்தால் பலன் அதிகம் என்றார்.

முதலில் அண்ணத்தில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அதன் நடுவில் திருகு. சின்னச் சாவியால் வீட்டில் நாங்களே திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். சில நாளில் மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருக்காவிட்டால் பதறியிருப்போம். அண்ணத்தின் நடு இணைப்பு விரிவதற்கு அதுதான் அடையாளம், பிறகு தானே மூடிக்கொள்ளும்.

அதன் பின் ஃபேஸ் மாஸ்க். நெற்றியிலும் மோவாயிலும் பட்டை, நடுவே கம்பி, அதிலிருந்து வாய்க்குள் இரண்டு ரப்பர். தினம் 12 முதல் 14 மணி நேரம். பள்ளிக்குப் போட்டுப்போக வேண்டாம் என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் கணக்குப் பாருங்கள்: பள்ளி விட்டு வந்து மாட்டினால்தான் அத்தனை மணி நேரம் தேறும். சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுவோம். மருத்துவம் என்று பெயர், வேலை முழுக்க வீட்டில்தான். ஆரம்பத்தில் எச்சில் வழிந்தது, மோவாய் சிவந்தது. பட்டைக்கு அடியில் மல் துணி வைத்ததும் அடங்கியது. "அம்மா, ரப்பர் அறுந்துடுச்சு" என்று நடுராத்திரியில் எழுப்புவாள். முறுக்கு, கடலைமிட்டாய் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. அதில் அதிகம் வாடியது என் கணவர்.

மாதங்கள் போக, பற்கள் முனையோடு முனை முட்டின. பிறகு மேல்வரிசை வெளியே வந்தது. இப்போது இரவில் மட்டும் மாட்டுகிறாள்.

"இதோட முடிஞ்சுதா டாக்டர்?" என்று கேட்டேன். கேரண்டி தர மறுத்துவிட்டார். வயதுக்கு வரும் சமயத்து வளர்ச்சியில் கீழ்த்தாடை மறுபடி முந்தலாம், தாத்தாவின் மோவாய் அப்படி. அப்போது கிளிப் போட வேண்டியிருக்கும். சிலருக்கு வளர்ச்சி நின்ற பின் ஆபரேஷன்கூட தேவைப்படும். அதுவரை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.