பழைய விமானத்தில் எது பழையது?

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான்: "தகட்டையெல்லாம் மாற்றிவிட்டால் அது எப்படிப் பழைய விமானம் ஆகும்?" தக்கலை தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கட்டைப் பார்த்துச் சரிசெய்பவனாக இருந்து ஓய்வு பெற்று, அதன்பின் இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை மறுபடியும் பறக்க வைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்விக்கு நின்றுகொண்டே ஒரு வரியில் பதில் சொல்லி எனக்கு ஒருநாளும் திருப்தி வந்ததில்லை.

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவுக்குத் தேர் ஓடுகிறது. உளுத்துப்போன மரத்தை எடுத்துவிட்டு, அதே அளவில், அதே பொருத்தில் புது மரத்தை இறக்கினால்தான் எந்தத் தேரும் ஓடும். வடம் பிடிக்கிறவர்கள் யாரும் அதைப் புதுத் தேர் என்று சொல்வதில்லை. விமானத்துக்கும் அப்படித்தான். அருங்காட்சியகத்தில் நிற்கப்போகும் விமானத்தில் பழைய பெயின்டைக்கூடச் சுரண்டக் கூடாது. அங்கே பொருள்தான் சாட்சி. பறக்கப்போகும் விமானத்துக்குள் ஒரு மனிதர் உட்காரப் போகிறார். அவருக்கு முன்னால் எந்தப் பழைய தகட்டின் பெருமையும் நிற்காது. இரண்டையும் ஒரே விமானத்தில் செய்ய முடியாது. நான் பறக்கவேண்டும் என்கிற பக்கம். ஆனாலும் அருங்காட்சியகக்காரர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. யார் கையும் படாமல் அவர்கள் காத்து வைத்திருக்கும் விமானங்களைப் பார்த்துத்தான், வரைபடத்தில் இல்லாத எத்தனையோ நுணுக்கங்களை நாங்கள் உறுதிசெய்து கொண்டோம்.

வேலை கழற்றுவதில்தான் தொடங்கும். பட்டறையில் எனக்கு முதலில் பெயர் வாங்கித் தந்ததும் அதுதான். கடலோரத்தில் வளர்ந்தவனுக்கு உப்பு என்ன செய்யும் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரும்பு துருப்பிடித்தால் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியம் அப்படி இல்லை. விமானத் தகட்டில் ஏறக்குறைய நான்கு சதவீதம் செம்பு கலந்திருக்கும். தகட்டுக்கு வலு தருவதும் அந்தச் செம்புதான், அரிப்பை வரவழைப்பதும் அதுதான். மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். தகடுகளைத் துளைவழியே சேர்த்து, வாலை நசுக்கி விரித்து இறுக்கும் ஆணிதான் ரிவெட். அதன் தலையைச் சுற்றி மட்டும் மிக லேசாக ஒரு புடைப்பு. விரல் நுனியால் தடவினால்தான் தெரியும். அந்த ரிவெட்டின் நடுவில் புள்ளி குத்தி, தலையை மட்டும் துளைத்துத் தட்டி எடுத்துவிட்டுத் தகட்டைத் தூக்கினால், அடியில் வெள்ளைப் பொடி. விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் உலோகம் அடுக்கடுக்காகப் பிரிந்து, முன்பிருந்ததைவிடத் தடித்திருக்கும். தடித்துத் தெரிவதால் பலமானது என்று நினைக்கக் கூடாது, அதில் உயிரே இல்லை. துளைக்கும்போதும் கவனம் வேண்டும். துளை அகன்றுவிட்டால் பெரிய ரிவெட் போடவேண்டும். பெரிய ரிவெட் போட்டால் துளைக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடம் குறைந்துவிடும். பிறகு அந்தச் சட்டத்தையே மாற்றும்படி ஆகும்.

கழற்றும்போது உள்பக்கத்தில் அந்தக் காலத்துப் பரிசோதகர்களின் முத்திரைகள் தென்படும். அவற்றைப் பார்க்கிறபோதெல்லாம் கையை நிறுத்திவிடுவேன். 1940 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனில் இருந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தபோது, வேலையைத் தென் இங்கிலாந்து முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்கள். கார் பழுதுபார்க்கும் கொட்டகைகளிலும் பஸ் பணிமனைகளிலும் சலவைக்கூடங்களிலும் விமானப் பாகங்கள் உருவாயின. அதற்கு முன் ரிவெட்டையே பார்த்திராத பெண்கள் எத்தனையோ பேர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்தார்கள். மொத்தம் 20,000-க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் வெளிவந்தன. நம் ஊர் ஐ.டி.ஐ. பையன்கள் "இதெல்லாம் நமக்கு வருமா, மாமா?" என்று கேட்கும்போது நான் முதலில் சொல்வது அந்தப் பெண்களைப் பற்றித்தான்.

ரிவெட் அடிப்பது பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. சில வகை ரிவெட்டுகளை ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உடனே தண்ணீரில் போடவேண்டும். எடுத்த கையோடு அவை மிருதுவாக இருக்கும். பிறகு சும்மா கிடந்தாலே தானாக இறுக ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேரம் தாண்டினால் தலை விரியும்போது வெடிப்பு விழலாம். அதனால் உறைபெட்டியில் வைத்திருப்போம். குளிரில் அந்த இறுக்கம் தள்ளிப்போகும். வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுத்து, கை சில்லிடச் சில்லிட அடித்து முடிக்கவேண்டும். இந்த உலோகம் நேரம் கேட்கிறது என்று புரிந்த அன்றைக்குத்தான் ஒருவன் ஃபிட்டர் ஆகிறான் என்பது என் எண்ணம்.

வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியால், அதாவது சுத்தியல்போல விடாமல் தட்டும் கருவியால் அடிப்பார். உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலுக்கு முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது; சத்தத்தில் பேச்சும் கேட்காது. உள்ளே இருப்பவர் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி. இரண்டு தட்டினால் சரி. மூன்று தட்டினால் கெட்டுவிட்டது, எடுத்துவிடு. வால் நசுங்கி விரிந்து உண்டாகும் தலையின் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. அவ்வளவுதான் கணக்கு. என் ஆங்கிலம் அப்போது தட்டுத்தடுமாறும். அவர்கள் வட்டார உச்சரிப்போ எனக்குச் சுத்தமாகப் பிடிபடாது. ஆனால் அந்தத் தகட்டின் இரண்டு பக்கமும் நின்றபோது எனக்கும் என்னைவிட மூத்த தலைமை ஃபிட்டருக்கும் இடையில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. ஒருமுறை வெளியிலிருந்து பார்க்கக் குறையே இல்லாத ஒரு ரிவெட்டுக்கு உள்ளேயிருந்து மூன்று தட்டினேன். அவர் காரணம் கேட்காமல் துளைப்பானை எடுத்தார். வேலையிடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதைவிடப் பெரியதாக வேறொன்றை நான் நினைக்கவில்லை.

காகித வேலையும் உண்டு. எந்தத் தகடு எந்தத் தடவை உருக்கிய உலோகத்திலிருந்து வந்தது, எந்தப் போல்ட்டுக்கு எந்தச் சான்றிதழ், யார் செய்தது, யார் பார்த்தது எல்லாவற்றுக்கும் கையெழுத்து. பலருக்கு அது சலிப்பு. எனக்கு இல்லை.

இந்த வேலை வெள்ளைக்காரர்களின் பணக்காரப் பொழுதுபோக்கு என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். அவர்களிடம் நான் கான்பூரைப் பற்றிச் சொல்வேன். போர் முடிந்ததும் அங்கே ஏராளமான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், யாரும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று சேதப்படுத்தப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தன. 1948-இல் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆட்கள் போய், ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகச் சீர்செய்யப்பட்டு அவை 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன. இன்று இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில இப்படி இந்தியாவில் பிழைத்தவை. நான்கு எஞ்சின் கொண்ட அந்தப் பெரிய விமானங்களைச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே எழுப்பி நிறுத்தியவர்கள் நம் ஃபிட்டர்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானிய விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்த ஆர்4118 என்ற ஹரிகேன் போர் விமானம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களின் படிப்புக்காகத் தரப்பட்டு, பிறகு வெட்டவெளியில் பல காலம் கிடந்தது. 1982-இல் அதைப் பார்த்த இங்கிலாந்துக்காரர் பீட்டர் வாச்சர் விடாமல் முயன்று 2001-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பரில் அது மறுபடியும் பறந்தது. 2018-இல் நம் விமானப்படையில் சேர்ந்த 'பரசுராமா' என்ற டகோட்டா போக்குவரத்து விமானமும் இங்கிலாந்தில்தான் புதுப்பிக்கப்பட்டது. அவை பறப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 1948-இல் இங்கே இருந்த கைத்திறன் ஏன் அடுத்தடுத்த தலைமுறைக்கு இறங்கவில்லை என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. மேலே கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. பழைய விமானத்தில் காப்பாற்ற வேண்டிய பழையது, அதைச் செய்யத் தெரிந்த கை. தகடு எந்த ஆண்டினுடையது என்பது அதற்கு அடுத்ததுதான்.

அதனால்தான் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். தகடு, ரிவெட் முடிந்து இப்போது துணி வேலைக்கு வந்திருக்கிறோம். டைகர் மாத் விமானத்தின் இறக்கைக்கு மரச்சட்டமும் அதன்மேல் துணியும்தான். அதே முறையில் பழகுவதற்காக ஒரு சிறு சட்டம் செய்து வைத்திருக்கிறேன். துணியை மெழுகு நூலால் சட்டத்தோடு சேர்த்துத் தைத்து, ஒவ்வொரு தையலிலும் ஒரு முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது அவிழாத முடிச்சு அது. விமானத்தின் முன்னால் சுழலும் காற்றாடியின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் தையல்கள் நெருங்கி வரவேண்டும். பிள்ளைகளுக்கு முடிச்சு வசப்படவே இல்லை. முட்டத்திலிருந்து வந்திருந்த வலை பின்னும் அண்ணன் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இங்கே கொடு மக்களே" என்று ஊசியை வாங்கினார். நூலை இரண்டு விரலுக்கு நடுவே கொடுத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. விமானக் கையேடுகளில் வரும் அந்த முடிச்சு, மீன்வலை முடிச்சிலிருந்து சிறிது மாற்றி எடுத்ததுதான். கையேட்டைத் திறக்காமலேயே அவர் அதைப் போட்டார். இப்போது பிள்ளைகள் அவரிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

தையல் முடிந்ததும் துணிமேல் டோப் என்ற பூச்சைப் பூசவேண்டும். காய்கிறபோது அது துணியைச் சுருக்கி விறைப்பாக்கும். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளை பூத்துவிடும்; அந்தப் பூச்சு பலம் தராது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இதில் அவசரப்பட முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் டப்பாவைத் திறப்பது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை முடிச்சுகளை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுப் பழகட்டும்.