அப்பா உறங்கும் அறையில் கிராபிக்ஸ் கார்டு

மே 4
அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்கும் அறை 33 டிகிரியில் நிற்கிறது. ரெண்டர் (கணினி படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் கனமான வேலை) தொடங்கியதும் பழைய ஜிடிஎக்ஸ் 1080 கிராபிக்ஸ் கார்டு 83 டிகிரியைத் தொட்டது; ஃபேன் இரைச்சலில் அப்பா விழித்துக்கொண்டார்.

மே 5
பழைய கார்டில் உள்ள ப்ளோயர் வகைக் கூலருக்கு ஒரு நியாயம் உண்டு: ஒற்றை ஃபேன் சூடான காற்றைக் கேபினெட்டின் பின்புறமாக வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் அந்தச் சிறிய ஃபேன், போதிய காற்றைத் தள்ள மிக வேகமாகச் சுழன்றாக வேண்டும். காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடுகிறது. ஒலியாற்றலோ ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் தணியும். அதே ஓசையுள்ள இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே பெரிய ஹீட்சிங்கும் (சூட்டை வாங்கிப் பரப்பும் உலோகத் தகடுகள்) மெல்லச் சுழலும் மூன்று ஃபேன்களும் உள்ள கார்டையே வாங்க வேண்டும்.

மே 6
ரெண்டர் போடவில்லை. அப்பா விடியும்வரை உறங்கினார்.

மே 9
சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர், பம்பு வைத்துத் திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலிங்கைப் பரிந்துரைத்தார். பம்பின் முனகல் வேலையில்லாத நேரத்திலும் நிற்காது என்பதால் மறுத்துவிட்டு, மூன்று ஃபேன் ஆர்டிஎக்ஸ் 4070-ஐ வாங்கினேன்.

மே 10
ஓசையைக் குறைக்கச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாமா? 2013-இல் வந்த ஏஎம்டி ஆர்9 290எக்ஸ் கார்டு, 95 டிகிரியில் இயங்கலாம் என்றே வடிவமைக்கப்பட்டது. சிலிக்கான் தாங்கும், எனக்குக் கவலை அறையைப் பற்றியது. எந்தக் கூலரும் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுவதோடு சரி. கார்டு 200 வாட் எடுத்தால், அது 60 டிகிரியில் இருந்தாலும் 80 டிகிரியில் இருந்தாலும், அந்த 200 வாட்டும் அப்பா படுத்திருக்கும் அறைக்குள்தான் வந்து சேரும். வாட்டைக் குறைப்பது ஒன்றே ஓசை, அறைச்சூடு இரண்டுக்கும் மருந்து.

மே 11
கார்டு எடுக்கும் மின்சாரத்துக்கான உச்சவரம்பை (பவர் லிமிட்) 70 சதவீதமாக்கினேன்: 140 வாட். ரெண்டர் சற்றுத் தாமதமாக முடிகிறது, முடியட்டும்.

மே 13
சூடு தணிந்தால் ஃபேன்கள் நின்றுவிடும் வசதியை அணைத்துவிட்டேன். தொடர்ந்து வரும் மெல்லோசைக்குப் பழகிவிடும் காது, நின்று நின்று தொடங்கும் ஓசைக்கு விழித்துக்கொள்கிறது. அப்பாவும் அப்படித்தான் விழித்தார். இனி 30 சதவீத வேகத்தில் இடைவிடாமல் சுழலட்டும்.

மே 14
கீச்சென்ற மெல்லிய ஒலி ஒன்று கேட்கிறது. ஃபேன்களைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தும் போகவில்லை. ஆகவே அது கார்டின் மின்சுருள்களிலிருந்து வருகிறது, எந்தக் கூலரும் அதைத் தீர்க்காது. அப்பாவுக்குக் கேட்கவில்லையாம். நாளை 130 வாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.