தந்தம் என்றால் பல்

யானையின் தந்தத்தைக் கொம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது மேல்தாடையில் முளைக்கும் வெட்டுப்பல். வடமொழியில் 'தந்த' என்றாலே பல்தான். அதற்கு முன்பே மருப்பு, கோடு என்று அழகான தமிழ்ச் சொற்கள் நமக்கு இருந்தன. மருப்பு வழக்கொழிந்ததில் எனக்கு வருத்தம்தான்.

ஆங்கில ஐவரி, பிரெஞ்சு வழியாக லத்தீன் 'எபுர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் யானையைக் குறிக்கும் பழைய எகிப்தியச் சொல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கிரேக்கத்தில் கதை தலைகீழ். 'எலிஃபாஸ்' என்ற சொல் ஹோமரின் காவியங்களில் தந்தத்தை மட்டுமே குறிக்கிறது, அதுவே யானைக்கும் பெயரானது பிற்காலத்தில்தான். தந்தம் கடல் தாண்டி வந்துவிட்டது, விலங்கை யாரும் பார்த்திருக்கவில்லை!

தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். ஓரத்தில் அவை சந்திக்கும் கோணத்தை அளந்தே யானையா, அழிந்துபோன யானை இனமான மாமதமா (மம்மூத்) என்று பிரித்தறிகிறார்கள். நீர்யானை, வால்ரஸ் பற்களையும் ஐவரி என்றே விற்றார்கள், அவற்றில் இந்தக் கோடுகள் இல்லை.

அப்புறம் ஒன்று. தந்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள் புதைந்திருக்கிறது, உள்ளே நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன. அதை முழுதாக எடுக்கத்தான் யானையையே கொன்றார்கள். 1989-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் சர்வதேசத் தந்த வணிகத்துக்குத் தடை விதிக்க முடிவெடுத்தன. சந்தையில் தேவை இருக்கும்வரை வேட்டையும் இருக்கும், அதனால் உள்நாட்டு விற்பனையையும் எல்லா நாடுகளும் மூட வேண்டும் என்பதே என் கருத்து.