அவர் கேட்டதும் நான் சொன்னதும்

"அன்று நீங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரை உண்மையிலேயே தேவைப்பட்டதா, டாக்டர்?" என்று கேட்டார் என் நோயாளி. "அன்றைய நிலையில் தேவைதான் அம்மா" என்று சற்றும் தயங்காமல் சொன்னேன். தயங்காமல் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

காலில் பரவிக்கொண்டிருந்த தோல் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் விட்டிருக்க முடியாது. அதில் இப்போதும் எனக்கு ஐயமில்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொன்னதால் கிளிண்டாமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக்கை எழுதினேன். எப்போது, எப்படி ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்கவில்லை. பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்பவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு, முறையாகச் சோதித்தால், அது இருப்பதில்லை என்பது நான் அறியாததல்ல. வெளியே பலர் காத்திருந்தார்கள் என்பது உண்மைதான். இரண்டு கேள்வி கேட்க நேரமில்லாத அளவுக்கு அல்ல.

சில நாள்களில் கடும் வயிற்றுப்போக்குடன் வந்தார். மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் நச்சு இருந்தது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை வேறு வடிவுக்கு மாற்றுகின்றன. அப்படி மாறியவை இந்தக் கிருமியை வளரவிடுவதில்லை. நான் கொடுத்த மருந்து அந்தப் பாக்டீரியாக்களையும் அழித்துவிட, உறங்கிக்கிடந்த வித்துகள் முளைத்து, நச்சைச் சுரந்து, குடலின் உட்சுவரைப் புண்ணாக்கின. வான்கோமைசினில் குணமானவர் மூன்று வாரத்தில் அதே நோயோடு திரும்பினார், பிறகு இன்னொரு முறையும். அதுவும் ஆன்டிபயாடிக்தான், மீண்டு வரவேண்டிய பாக்டீரியாக்களை அது தலையெடுக்கவிடுவதில்லை.

அதனால்தான் நலமாக உள்ள ஒருவரின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சையை விளக்கினேன். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முதல்முறை செலுத்தியதிலேயே 16 பேரில் 13 பேர் குணமடைந்தார்கள் என்றும், வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரே குணமடைந்தார்கள் என்றும் சொன்னேன். "என்னிடம் இருந்ததைத்தானே இப்போது இன்னொருவரிடம் வாங்குகிறோம்?" என்றார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

அவர் கேட்டது அந்த மாத்திரையைப் பற்றி. நான் பதில் சொன்னது ஆன்டிபயாடிக்கைப் பற்றி. பென்சிலின் வகை மருந்து கொடுத்திருந்தாலும் இது வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் கிளிண்டாமைசினில் அபாயம் கூடுதல் என்பதையும் அப்போதே அறிந்திருந்தேன்.

அவர் குணமான பின் ஒருநாள், பென்சிலினைப் பற்றிக் கேட்டேன். சிறுவயதில் ஒருமுறை வாந்தி எடுத்ததாக அவருடைய தாயார் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஒவ்வாமைச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தேன். இதை ஏன் இப்போது கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.