அறக்கட்டளைச் சொற்பொழிவு: அழைப்பிதழ் முதல் அச்சு வரை

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாறு, மெய்யியல் துறைகளில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பலவற்றைப் பார்க்கலாம். மறைந்த அறிஞர் ஒருவரின் பிள்ளைகளோ மாணவர்களோ அவர் பெயரில் ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்திருப்பார்கள். அதன் வட்டியில் ஆண்டுக்கொரு பேச்சு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெளியாட்களும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பதால், ஒரு துறைக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் முக்கியமான வாசல் இதுதான். இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் உதவிப் பேராசிரியர்களையும் ஆய்வு மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தென்கிழக்காசியாவின் ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாற்றை 1946–47இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகளாகத்தான் முதலில் பேசினார். 1949இல் பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைப் பற்றிப் படிப்பவர்களுக்கு இன்றும் அந்த நூல் உதவுகிறது. சொற்பொழிவு என்ற ஏற்பாடு அறிஞர் ஒருவருக்குக் கெடு வைக்கிறது, கேட்பவர்களைத் தருகிறது, கடைசியில் ஒரு நூலையும் தருகிறது. ஆகவே ஏற்பாட்டாளர் இரண்டைக் காப்பாற்றினால் போதும். ஒன்று, பேச்சாளரின் முழு ஒரு மணி நேரம். மற்றொன்று, பேச்சுக்குப் பிறகு வரவேண்டிய எழுத்து. மேடை, மாலை, பதாகை எல்லாம் இவற்றுக்கு அடுத்துத்தான்.

முதலில் பணம். வைப்புத்தொகையைத் தொட முடியாது, வட்டி மட்டுமே செலவுக்கு. வங்கி வட்டி 12 விழுக்காட்டை ஒட்டியிருந்த 1990களின் நடுப்பகுதியில் 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தந்தது. வட்டி 6.5 விழுக்காடு என்றால் அதே 1 லட்சம் 6,500 ரூபாய்தான் தரும். ரயில் கட்டணம், தங்குமிடம், மதிப்பூதியம், அச்சு எல்லாம் இதற்குள் அடங்காது. அறக்கட்டளைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிப்போவதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம். சில துறைகள் மூன்று நான்கு அறக்கட்டளைகளை ஒரே நாளில் சேர்த்து, ஆளுக்கு 20 நிமிடம் கொடுத்து முடித்துவிடுகின்றன. எனக்கு இது ஒப்பாது. 20 நிமிடத்தில் புதிய ஆய்வு எதையும் நிறுவிக் காட்ட முடியாது. இரண்டு ஆண்டு வட்டியைச் சேர்த்து ஒரு முறை நன்றாக நடத்துவது மேல். அதைவிட மேல், நிறுவியவரின் குடும்பத்திடம் கணக்கை எழுதிக் காட்டி வைப்பை உயர்த்தக் கேட்பது. ஒரு சொற்பொழிவுக்கு 25,000 ரூபாய் ஆகும் என்றால், 6.5 விழுக்காட்டில் ஏறத்தாழ 3.85 லட்சம் வைப்பு வேண்டும். 'கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்' என்றால் யோசிப்பவர்கள், இப்படி எண்ணாகக் காட்டினால் முடிவெடுக்க முன்வருவார்கள்.

அறக்கட்டளைப் பத்திரத்தைக் கட்டாயம் படியுங்கள். சைவ சித்தாந்தம் மட்டும், சங்க இலக்கியம் மட்டும் என்று பொருள் வரையறை இருக்கலாம். பிறந்த நாளில் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். அச்சுச் செலவை வட்டியிலிருந்து எடுக்கலாமா என்பதும் அதில்தான் இருக்கும். இதைப் பார்க்காமல் செலவு செய்தால் தணிக்கையில் ஆட்சேபணை வந்து, அடுத்த ஆண்டுக்கான கோப்பு நகராது.

நாள் குறிக்கும்போது விலக்க வேண்டிய மாதங்களை முதலில் அடித்துவிடுங்கள். நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் பருவத்தேர்வு. சென்னையில் அக்டோபர் பாதிக்கு மேல் மழை. டிசம்பர் பாதிக்கு மேல் இசை விழா. ஜனவரியில் பொங்கலும் புத்தகக் காட்சியும். மிஞ்சுவது ஜூலை முதல் செப்டம்பர் வரையும், பிப்ரவரியும், மார்ச் முதல் பாதியும். நேரத்தைப் பொறுத்தவரை காலை 11 மணி என்பது வகுப்பிலிருந்து மாணவர்களை அழைத்து வந்து நாற்காலியை நிரப்புவதற்கான நேரம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், நூலகர்கள், வாசகர்கள் வர வேண்டும் என்றால் வேலை நாளில் மாலை 4 மணி அல்லது சனிக்கிழமை காலை 10.30 சரியாக வரும். மாலைக் கூட்டம் 6 மணிக்குள் முடிய வேண்டும். விடுதிக்கும் பேருந்துக்கும் போக வேண்டியவர்கள் அதற்குமேல் உட்கார மாட்டார்கள்.

பேச்சாளருக்கு மூன்று மாதம் முன்னதாக எழுதுங்கள். தொலைபேசியில் ஒப்புதல் வாங்கிய பிறகும் கடிதம் அவசியம். தலைப்பு, மொழி, எத்தனை நிமிடம், கேட்க வருகிறவர்கள் முதுகலை மாணவர்களா பொதுமக்களா, மதிப்பூதியம் எவ்வளவு, பயணச்சீட்டை யார் எடுப்பது, எழுத்துப் படியை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் ஆகிய ஏழும் அதில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரமும் பான் எண்ணும் அப்போதே வாங்கிவிட்டால், பேசி முடித்த பெரியவரை நிதிப் பிரிவு ஜன்னல் முன் நிறுத்தும் அவலம் நேராது. கையில் பணமாகக் கொடுப்பதானால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பற்றுச்சீட்டில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஸ்டாம்பை வாங்கிக் கோப்பிலேயே வைத்திருங்கள்.

இனி நிகழ்ச்சி நிரல். சொற்பொழிவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 3 மணி என்று அச்சிட்ட கூட்டம் 3.20க்குத் தொடங்குகிறது. வரவேற்புரை 10 நிமிடம், தலைமையுரை 15, வாழ்த்துரை மூன்று பேருக்கு 24, அறிமுகவுரை 8, பொன்னாடையும் புகைப்படமும் 10. கூட்டினால் 67 நிமிடம். ஆய்வோடு வந்தவர் ஒலிவாங்கியைத் தொடும்போது மணி நாலரை. அரங்கம் களைத்திருக்கும், முன்வரிசை கடிகாரத்தைப் பார்க்கும். 'நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடிக்கிறேன்' என்று அவர் சொல்ல நேர்ந்தால், அந்த ஆண்டின் வட்டி வீண்.

வழி இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்கிறது. ஆகவே இரண்டு மாணவர்களை முந்தின நாளே பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். வரவேற்பு 3 நிமிடம், அறக்கட்டளை யார் பெயரில் அமைந்ததோ அவரைப் பற்றி 3, தலைமை 5, பேச்சாளர் அறிமுகம் 3, பொன்னாடை ஒரே ஒருவருக்கு. எல்லாம் 16 நிமிடத்தில் அடங்கும். அதன்பின் பேச்சு 60, கேள்வி 25, நன்றியுரை 3, நாட்டுப்பண் 52 விநாடி. நன்றியுரை சொல்பவர் பேச்சைத் திரும்பச் சுருக்கிச் சொல்லக் கூடாது.

யாரையும் விட்டுவிட முடியாது என்பது துறைத்தலைவர்களின் உண்மையான கவலை. அதற்கு அழைப்பிதழில் 'முன்னிலை' என்ற இடம் இருக்கிறது. பெயர் வரும், மரியாதை நிற்கும், பேச வேண்டியதில்லை. துணைவேந்தர் பாதியில் கிளம்புவார் என்று தெரிந்தால் அவரை முதலில் பேசவைத்து, சொற்பொழிவு தொடங்கும் முன்பே வழியனுப்பிவிடுங்கள். பேச்சின் நடுவில் அவர் எழுந்தால் பாதி அரங்கம் கூடவே எழும். சடங்குகள் முடிந்ததும் மேடையில் இருப்பவர்கள் கீழே இறங்கி முன்வரிசைக்கு வந்துவிட வேண்டும். படக்காட்சித் திரை மறையாது, பேச்சாளர் மேல் மட்டும் கண் நிற்கும். இந்த ஒரு மாற்றத்தால் கூட்டத்தின் தன்மையே மாறிவிடும்.

அரங்கம் எதிர்பார்க்கும் கூட்டத்தைவிடச் சற்றே பெரியதாக இருந்தால் போதும். 70 பேருக்கு 80 இருக்கைக் கருத்தரங்க அறை போதும். 300 இருக்கை அரங்கில் அதே 70 பேர் சிதறி உட்கார்ந்தால் எதிரொலியும் கூடும், பேசுகிறவருக்கும் மனம் ஓடாது. பெரிய அரங்கம்தான் கிடைத்தது என்றால் பின்வரிசைகளைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஒலிவாங்கிக்கு முன்னால், பார்வையாளர்களை நோக்கி இருக்க வேண்டும். பேச்சாளருக்குப் பின்னால் இருந்தால் வெளிவந்த ஒலியே மறுபடி ஒலிவாங்கிக்குள் புகுந்து கீச்சிடும். காலர் மைக்கைப் பொன்னாடை போர்த்தி முடித்த பிறகே மாட்டுங்கள். முதலில் மாட்டினால் சால்வை உரசுகிற சத்தம் முழுப் பதிவிலும் கேட்கும். மாற்று பேட்டரி ஒரு ஜோடி மேசையில் இருக்கட்டும்.

படக்காட்சி இருந்தால் தமிழ் எழுத்துருக் கோளாறு ஏறக்குறைய நிச்சயம். அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுக்கொண்டாலும், மூத்த அறிஞர்கள் பலருடைய கோப்புகள் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாட்டும் கல்வெட்டும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பித் தெரியும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பை இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்லி, அரங்கத்தின் கணினியிலேயே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பாருங்கள். கல்வெட்டுப் படங்களுக்கு விளக்கை அணைக்க வேண்டியிருக்கும். எந்த சுவிட்ச் எந்த விளக்கு என்று தெரிந்த ஒருவரைச் சுவரருகில் உட்கார வையுங்கள்.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைக் கேட்பவர் கையில் கொடுக்க வேண்டாம். தன்னார்வலர் பிடித்துக்கொண்டால் கேள்வி இன்னொரு சொற்பொழிவாக நீளாது. முதல் கேள்வி மாணவரிடமிருந்து வரட்டும். எழுந்து கேட்கத் தயங்குகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுத்துப் பேச்சின் நடுவிலேயே சேகரித்துவிடலாம். நல்ல கேள்விகள் பெரும்பாலும் அந்தச் சீட்டுகளில்தான் கிடைக்கும்.

சொற்பொழிவோடு கலை நிகழ்ச்சியும் சேரும்போது கவனம் வேறு வகை. தெருக்கூத்து விடிய விடிய நடக்கும் கலை. பல்கலைக்கழகத்துக்கு 90 நிமிடப் பகுதி ஒன்றைத் தேர்ந்து தரும்படி குழுத் தலைவரான வாத்தியாரிடம் கேட்க வேண்டும். எதை வெட்டுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். உயர்ந்த மேடை வேண்டாம். தரையில் 20 அடிக்கு 20 அடி இடம், மூன்று பக்கமும் ஆட்கள், பின்னால் ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், தாளக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு. வழவழப்பான டைல்ஸ் தரையில் கிறுகிறுவென்று சுற்றும்போது கால் வழுக்கும், முரட்டு விரிப்பை இழுத்து ஒட்டுங்கள். கிரீடம் வைத்தால் ஆள் உயரம் கூடும், மின்விசிறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பனைக்கும் கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டுவதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கண்ணாடியும் வெளிச்சமும் உள்ள பூட்டக்கூடிய அறை, தண்ணீர், ஒப்பனை கலைக்கத் தேங்காய் எண்ணெய், சோப்பு ஆகியவை தயாராக இருக்கட்டும். பேச்சு நீண்டால் இவர்கள் அரிதாரத்தோடு பசியில் காத்திருக்கிறார்கள் என்பதைத் தலைமை தாங்குகிறவருக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

பறை என்றால் தோலைத் தீயில் காய்ச்ச வேண்டும். அதற்கு அரங்கத்துக்கு வெளியே திறந்த இடமும் காவலர்களுக்கு முன்னறிவிப்பும் வேண்டும். தோற்பாவைக்கூத்துக்கு முழு இருட்டு வேண்டும், சிறு கூட்டமே ஏற்றது.

கலைஞர்களுக்கான பணத்தில் தாமதம் கூடவே கூடாது. 12 பேர் கொண்ட குழுவின் வாத்தியார் அன்றிரவே பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டியவர். 'பில் போட்டிருக்கிறோம், கணக்கில் வரும்' என்று சொன்னால், மிச்சப் பேருக்கு அவர் கடன் வாங்கிக் கொடுப்பார். மூன்று வாரம் முன்பே துறையின் பெயரில் முன்பணம் எடுத்துக் கையில் கொடுத்து, பிறகு கணக்கு முடியுங்கள். பேராசிரியருக்குப் போடும் அதே தரப் பொன்னாடையை வாத்தியாருக்கும் போடுங்கள், கலையைப் பற்றி அவரையே 10 நிமிடம் பேசவிடுங்கள்.

கடைசியாக எழுத்து. பதிவைப் பின்வரிசைக் கைப்பேசியில் எடுத்தால் மின்விசிறிதான் கேட்கும். அரங்கின் ஒலி மிக்சரிலிருந்து நேராக வயர் இழுத்து ரெக்கார்டரில் பதியுங்கள், பேச்சாளர் மேசையில் ஒரு கைப்பேசி துணைக்கு ஓடட்டும். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், அறக்கட்டளைப் பெயர், பேச்சாளர் பெயர் ஐந்தும் வர வேண்டும். இணையத்தில் ஏற்றுவதற்கும் அச்சிடுவதற்கும் எழுத்தில் ஒப்புதலை அன்றே வாங்கிவிடுங்கள். ஒரு மணி நேரத் தமிழ்ப் பேச்சு ஏறத்தாழ 5,000 முதல் 6,000 சொல் வரும். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய ஒருவருக்கு முழு ஒரு நாள் வேலை. பேச்சாளரிடம் திருத்தத்துக்கு அனுப்பும்போது மேற்கோள் பாடல்களின் எண்களை மூலநூலில் நீங்களே சரிபார்த்து அனுப்பினால் படி விரைவில் திரும்பி வரும். மதிப்பூதியத்தில் பாதியைப் பேச்சு நாளிலும் மீதியைத் திருத்திய படி வந்ததும் தருவது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவது நியாயமான வழி.

40 பக்கச் சிறு நூலாக 200 படி அச்சிட்டாலும் போதும். நிறுவியவரின் குடும்பத்துக்கும் துறை நூலகத்துக்கும் படிகள் போகட்டும். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும், அவற்றோடு மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். துறைகள் மறந்துபோகும் வேலை இது. அழைப்பிதழ் அனுப்பும் பட்டியலை எழுதும்போதே இந்த நான்கு முகவரிகளையும் சேர்த்து எழுதி வைத்துவிடுங்கள்.