உப்புத்தாளும் ரவைத் தட்டும்: பூம்பாறை எல்.கே.ஜி. நாட்குறிப்பு

ஜூன் 5, 2025, வியாழன்

இந்த வருடமும் எல்.கே.ஜி. எனக்குத்தான். பள்ளி திறந்த வாரம் என்பதால் அழுகை இன்னும் ஓயவில்லை. பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எல்லோரும் ஸ்வெட்டரோடுதான் வருகிறார்கள், அந்த நிறமே போதும்.

இந்தக் கொடைக்கானல் மலையில் காலை ஒன்பது மணிக்கு விரல் சரியாக மடங்காது. அந்த விரலில் பென்சிலைத் திணித்து 'அ' போடச் சொன்னால் குழந்தை அழாமல் என்ன செய்யும்? 'அ'வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சின்னச் சுழி, அதிலிருந்து பெரிய வளைவு, குறுக்கே ஒரு இழுப்பு, கடைசியில் நேர்கோடு. அகரவரிசையில் முதல் எழுத்து என்பதற்காக நாலு வயதுக் கைக்கும் அதுவே முதல் எழுத்தாக இருக்க வேண்டுமா?

வாய்க்கு அ, ஆ, இ, ஈ வரிசைதான். பாட்டாகத் தினமும் நடக்கும். கைக்கு ட, ப, ம, ர. நோட்டுப் புத்தகம் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

எழுத்துக்கு முன்னால் விரல். எங்கள் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே பூண்டுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால் வகுப்புக்குப் பூண்டு கேட்டால் யாரும் இல்லை என்பதில்லை. ஆளுக்கொரு பூண்டு கொடுத்துப் பல் பல்லாகப் பிரிக்கச் சொன்னேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால்தான் பல் கழன்று வரும். பென்சில் பிடிக்கவும் அதே இரண்டு விரல்கள்தான் வேண்டும்.

பல்லின் உள்தோலை உரிக்க விடுவதில்லை. சாறு கையில் பட்டு, அந்தக் கை கண்ணுக்குப் போனால் அன்றைய வகுப்பு முடிந்தது. பச்சைப் பட்டாணி உரிப்பதும் நல்ல வேலை. ஆனால் உரித்த பட்டாணியை உடனே எண்ணி வாங்கி விடுவேன். மூக்குக்குள் போட்டுப் பார்க்க ஆசைப்படாத எல்.கே.ஜி. பிள்ளை கிடையாது.

கிரேயானைப் புதிதாகக் கொடுக்காமல் உடைத்துக் கொடுப்பேன். நீளமாக இருந்தால் கம்பைப் பிடிப்பதுபோல் முஷ்டியில் பிடிப்பார்கள். சின்னத் துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். "புதுசை ஏன் டீச்சர் ஒடைக்கிறீங்க?" என்று ஆயாம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதினார்கள். கீழ்நாட்டில் அது சரி. இங்கே மூட்டம் இறங்கினால் மணல் பிசுபிசுத்து விரலோடு வந்துவிடும். கல்லுப்பு இன்னும் மோசம், மதியத்துக்குள் நீர் விட்டுவிடும். அரிசி மாவு ஒருவன் தும்மினால் வகுப்பு முழுக்கப் பறக்கிறது. கடைசியில் வறுத்த ரவைதான் நின்றது. எவர்சில்வர் தட்டில் கருநீல சார்ட் அட்டையை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் ரவையை மெல்லிசாகப் பரப்பினால், விரல் போன இடமெல்லாம் நீலமாகத் தெரியும்.

சிவப்பு ஸ்வெட்டர் இதுவரை எதையும் தொடாமல் சுவரோரம் நின்றவள். இன்று வந்து உட்கார்ந்து, ஒரு விரலைத் தட்டின் நடுவில் வைத்து, எடுத்து, அந்த நீலப் புள்ளியையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இன்னொன்று. தட்டு முழுக்கப் புள்ளி. நான் ட என்றோ ப என்றோ எதுவும் சொல்லவில்லை. தட்டை ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டினேன், எல்லாம் மறைந்தது. சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஜூன் 27, வெள்ளி

குச்சி நாள். யூகலிப்டஸ் சுள்ளிகளை ஒரே அளவாக ஒடித்துக் கொண்டு வந்திருந்தேன். ட-வுக்கு இரண்டு, ப-வுக்கு மூன்று. கையோடு வாயும் சேர வேண்டும்: "கீழே வா, பக்கம் போ" என்றால் ட, "கீழே வா, பக்கம் போ, மேலே ஏறு" என்றால் ப.

ம-வில் வளைவு வந்துவிடுகிறது, சுள்ளி வளையாது. ஸ்வெட்டர் பின்னி மீந்த கம்பளி நூலை மைதாப் பசையில் தோய்த்து வளைத்தோம். வெயில் இருந்தால் மாலைக்குள் விறைத்துவிடும். இந்த ஈரத்தில் திங்கள்கிழமை பார்க்கலாம்.

மஞ்சள் ஸ்வெட்டர் ட-வைத் திருப்பித் திருப்பி இடது பக்கமாகவே வைக்கிறான். இந்த வயதில் இது சாதாரணம். நோட்டில் என்றால் ரப்பர், அழிப்பு, கிழிந்த தாள், கண்ணீர். இங்கே குச்சியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் முடிந்தது.

ஜூலை 4, வெள்ளி

விரலால் தடவிப் பழக, மரம் தேய்க்கிற உப்புத்தாளில் எழுத்துகளை ஒருவழியாக வெட்டி முடித்தேன். ஹார்டுவேர் கடையில் 120-ஆம் நம்பர் கேட்டு வாங்குங்கள்; 60, 80 எல்லாம் பிஞ்சு விரலைச் சுரண்டிவிடும். தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டுவதானால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். ட, ப, ம, ர, ய வரைக்கும் கத்தரிக்கோல் ஒத்துழைக்கும். இ, ஐ பக்கம் போனால் சுழியெல்லாம் பிய்ந்து வரும். அவற்றுக்கு அட்டையில் ஃபெவிகாலால் எழுதி, மேலே ரவையைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிடுவதுதான் வழி.

இந்த முறையைப் பரப்பிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் இந்தியாவுக்கு வந்து, உலகப் போர் நடந்தபோது 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில்தான் இருந்தார். ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதை யார் சொல்வது? அவர் முறைப்படி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து எழுத்தைத் தடவ வேண்டும், தடவும்போதே ஒலியையும் சொல்ல வேண்டும். உயிரெழுத்துக்கு ஒரு நிற அட்டை, மெய்க்கு வேறு நிறம் என்றும் உண்டு. தமிழில் 216 உயிர்மெய்க்கு எந்த நிறம் என்று யோசித்துப் பார்த்து, எல்லாவற்றையும் பழைய காலண்டர் அட்டையிலேயே ஒட்டிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

பை விளையாட்டு. மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு பொருளை எடுத்து அதன் பெயரையும் முதல் ஒலியையும் சொல்ல வேண்டும். ப-வுக்கென்று பூண்டையும் பீன்ஸையும் போடுகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்துக்குச் செய்கிற மாதிரியே தமிழுக்கும் செய்வதால் வருகிற வினை. பூண்டின் முதல் எழுத்து பூ, பீன்ஸின் முதல் எழுத்து பீ. ப வேண்டுமென்றால் பந்து, பழம், பட்டாணி, பஞ்சு என்றுதான் தேட வேண்டும். ந, ண, ன மூன்றையும் ஒரே வாரத்தில் இறக்குவதும் இதே ரகம்.

உயிரெழுத்துக்கும் கடையில் விற்கிற சார்ட்டை நம்புவதில்லை. ஒட்டகத்தையும் ஓடத்தையும் இவர்கள் எங்கே கண்டார்கள்? அவரை, ஆரஞ்சு, இலை, உருளைக்கிழங்கு, எலுமிச்சை, ஏலக்காய் எல்லாம் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கக்கூடியவை. ஓ-வுக்கு ஜன்னல் வழியாக ஓடையைக் காட்டினேன். ஐ-க்கு இவர்களே 'ஐஸ்' என்றார்கள். ஔ-வுக்கு மட்டும் எனக்கும் ஔவையாரை விட்டால் வேறு கதி இல்லை.

ஜூலை 16, புதன்

நீல ஸ்வெட்டரின் தாத்தா அவளை அழைத்துப்போக வந்தவர், ரவைத் தட்டைப் பார்த்ததும் கம்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். 'மலை' என்று எழுதினார். லை-யின் முன்னால் துதிக்கை வளைந்த பழைய எழுத்து, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. எழுதிவிட்டுப் பேத்தியின் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினார். இப்போது இப்படி எழுதுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இன்னும் ல-வுக்கே வரவில்லை. தாத்தா விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு இடது கைப்பழக்கம். வீட்டில் கையைத் தட்டிவிடுகிறார்கள் போல, அடிக்கடி மறைத்துக்கொள்கிறாள். தாத்தாவிடம், "அய்யா, எந்தக் கை வருதோ அந்தக் கையாலேயே எழுதட்டும், மாத்த வேண்டாம்" என்றேன். "வலது கைதானே டீச்சர் சாமி கும்பிடுற கை" என்றார். கும்பிட இரண்டு கையும் வேண்டுமே அய்யா என்றதும் சிரித்தார். வீட்டில் சொல்வாரா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கையில் இருப்பது ட, ப, ம, ர நாலே எழுத்து. இன்று புள்ளியும் சேர்ந்தது. அட்டையில் ம, அதன் தலையில் ஒரு அவரை விதையை வைத்தால் வாய் மூடிக்கொள்ள வேண்டும், விதையை எடுத்தால் திறக்க வேண்டும். ம், ம, ம், ம. வகுப்பே தேனீக் கூடாகிவிட்டது. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம், மரம், பட்டம், பம்பரம். பம்பரத்தில் இரண்டு விதை வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது அந்தச் சிவப்பு ஸ்வெட்டர்தான்.

மாலையில் மஞ்சள் ஸ்வெட்டரின் அப்பா வந்தார். "டீச்சர், எங்க அக்கா பையன் வேற ஸ்கூல்ல நோட்டு முழுக்க அ-விலேர்ந்து ஃ வரைக்கும் எழுதிட்டான். இவன் ரவையில வெளாடுறான்" என்றார். கோபமில்லை, கவலைதான். "அண்ணே, தீபாவளி வரைக்கும் பொறுங்க" என்றேன்.

கிளம்பும்போது அவரே இன்னொன்றும் சொன்னார். காலையில் மன்னவனூர் பஸ்ஸின் போர்டைக் காட்டி 'ம' என்றானாம் பையன். அடுத்த எழுத்து என்ன என்று கேட்டு நச்சரிக்கிறானாம். அது ன். என் வரிசையில் ரெண்டு சுழி ன-வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் கேட்கிறவனைக் காக்க வைப்பது எப்படி? சரி, ஆயாம்மாவிடம் கம்பளி நூலுக்குச் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு ன.